பூனைக்குக் கீழ பாய்

கோவிச்சுக்கிராதீங்க தம்பி, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதப் பொத்திக்கவா முடியும்? பிள்ளைக்குத்தானே சொல்லிக் குடுத்தீங்க? ஹென்னா கோழி, பென்னா பேனா, டென்னா பத்துன்னு. எல்.கே.ஜி.யா? நெனச்சேன். எல்லாம் ஒரே மாதிரி முடியுற வார்த்தை. வீட்டுப்பாடம்னா பரவாயில்ல. ஆண்டு விழாவுக்குன்னா மட்டும் யோசிச்சுச் செய்யுங்க. கோழியக் குடுத்தா ஒத்துக்கலாம், கொண்டை இருக்கு. பேனாவும் மரியாதைதான், சட்டைப்பையில நெஞ்சுக்கு நேரா நிக்கும். ஆனா அர்த்தம் கேக்காம எந்த வார்த்தைக்கும் தலையாட்டிட்டு வந்துராதீங்க. நான் பட்டிருக்கேன்.

நீங்க பரமக்குடிக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? அப்ப நேரம் இருக்கு. நான் முன்னாடியே இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன்.

எம்பேரு தவசி. திருமங்கலத்துல பந்தல், மைக் செட்டு, சேர் எல்லாம் வாடகைக்கு விடுறேன். முதல்லயே சொல்லிர்றேன் தம்பி, நான் யார் வம்புக்கும் போறவன் இல்ல. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. பெட்ரோல் பங்க்காரனை மட்டும் கேக்காதீங்க, அவன் வேற மாதிரி சொல்லுவான்.

எனக்கு ஒரே தங்கச்சி, பஞ்சவர்ணம். உசிலம்பட்டியில குடுத்திருக்கு. அதுக்கு ஒரு மகள், மிருதுளா. நான் தாய்மாமன். தாய்மாமன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன். ரெண்டு குடும்பமும் ஒரே வீடு. அந்த அண்ணனுக்கு ஒரு மகன், கிஷோர்னு. அவனும் மிருதுவும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. அந்தப் பயலுக்குத் தாய்மாமன் காசிமாயன். செங்கல் சூளை வச்சிருக்கான். அவனைப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல மாட்டேன். ஆளு சரியில்ல, அவ்வளவுதான்.

ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்ல காதுகுத்து வச்சாங்க. அங்கதான் வினை. ஒரே பந்தல்ல ரெண்டு மாமன் சீரு. அவன் சீரு தெருமுனையத் தாண்டி நிக்குது. கிடா, குத்துவிளக்கு, சைக்கிளு, அப்புறம் ஒரு ஃப்ரிட்ஜு. காது குத்துற பயலுக்கு எதுக்கு தம்பி ஃப்ரிட்ஜு? என் சீரு குறைச்சல்னு சொல்ல முடியாது. பக்கத்துல வச்சுப் பாக்கும்போதுதான் கொஞ்சம் குறைச்சலாத் தெரிஞ்சுச்சு. பந்தியில ஒரு பொம்பள, "பொண்ணோட மாமன் சீரு பின்னாடி வருதா?"ன்னு கேட்டுட்டா. சீரு வந்து அவ முன்னாடியே உக்காந்திருக்கு.

இலைய விட்டு எந்திரிச்சுட்டேன். தங்கச்சி ஓடி வந்து கையப் பிடிச்சுச்சு. "விடு, எனக்குத் தங்கச்சியே பொறக்கலைன்னு நெனச்சுக்கிறேன்"னு சொன்னேன். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சொல்லல. அதப் போயி மனசுல வச்சுக்கிட்டு பேச்ச நிறுத்திருச்சு. ரெண்டு பொங்கல் போச்சு, எங்க வாசப்படி மிதிக்கல. சின்ன விஷயத்தப் பெருசாக்குற குணம் எங்க குடும்பத்துல யாருக்குமே கிடையாது. இதுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, வெளியில கேக்காத மாதிரி. அந்த ரெண்டு பொங்கலும் எனக்குச் சோறு இறங்கல. எங்கயாவது கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டப் போவேன். அண்ணன் தங்கச்சி பாட்டு எதுனா வந்துச்சுன்னா வயரைச் சரி பண்ணுற மாதிரி பந்தலுக்குப் பின்னாடி போயிருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் போன் வந்துச்சு. பஞ்சவர்ணம். அதுவா கூப்பிட்டுச்சு, நான் கூப்பிடல. அத நல்லாக் கேட்டுக்கங்க.

"அண்ணே, மிருதுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. வேஷம் போடணும். மாமாதான் வாங்கித் தரணும்னு அழுகுறா."

"என்ன வேஷம்னு சொல்லு தாயி. ஜான்சிராணியா? மீனாட்சியா?"

"அதெல்லாம் இல்லண்ணே. இங்கிலீசு வார்த்தை. மேட். மேட்னா பாய். வீட்டுல கிடக்குற பாய் ஒண்ணு எடுத்துட்டு வா, போதும்."

நான் சரின்னுட்டேன். ரெண்டு வருசம் கழிச்சுப் பேசுது, அத விடவா வார்த்தை முக்கியம்? போனை வைக்கப் போகும்போதுதான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அந்தக் கிஷோர் பயலுக்கு என்னன்னு.

"அவன் கேட்ணே. பூனை."

அன்னைக்குப் பூரா எனக்கு வேலை ஓடல. அவனுக்குப் பூனை. வாலு, மீசை, ரெண்டு காது. நம்ம பிள்ளைக்குப் பாய். வீட்டம்மா தெய்வானைகிட்ட சொன்னேன். "இங்கிலீசுல பூனையும் பாயும் ஒரே சத்தத்துல முடியுது, அதுக்கு நீங்க ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க"ன்னா. அவளுக்கு உலகம் தெரியாது. மறுநாளே உசிலம்பட்டிக்கு வண்டியக் கட்டிட்டேன். சண்டைக்கு இல்ல, விவரம் கேக்க.

ஜெசிந்தா மிஸ்ஸுன்னு ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. சின்னச் சேர் ஒண்ணுல என்னைய உக்கார வச்சு, போர்டுல எழுதிக் காட்டிச்சு. கேட்னா பூனை. ரேட்னா எலி. பேட்னா வௌவால். ஹேட்னா தொப்பி. ஃபேட்னா குண்டு. மேட்னா பாய். சேட்னா உக்காந்தாச்சு.

"கடைசியில எல்லாம் ஏட்னு ஒரே சத்தத்துல முடியுது பாருங்க சார். அதனால இது எல்லாம் ஒரு குடும்பம்."

பூனையும் எலியும் ஒரு குடும்பம். வெள்ளைக்காரன் இத்தனை நாட்டை எப்படிக் கட்டி ஆண்டான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

"சரி மிஸ், ஒரே குடும்பம். அப்புறம் ஏன் ஒரு பிள்ளைய மட்டும் கீழ படுக்கப் போடுறீங்க?"

"படுக்க வேணாம் சார், பாயச் சுத்திக்கிட்டு வந்து மேடையில உக்காரணும். அப்புறம் பூனை வந்து பாய்மேல உக்காரும். எல்லாரும் சேந்து, கேட் சேட் ஆன் த மேட்னு சொல்லுவாங்க. அதுதான் முடிவு."

தம்பி, எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. காசிமாயன் மருமகன் எம் மருமக மேல உக்காருவான். ஊரே பாக்கும். வீடியோ எடுப்பாங்க. அந்தப் பொம்பள பாப்பா, பந்தியில கேட்டவ.

"ஓரமாத்தான் சார் உக்காருவான்"னு மிஸ் சொல்லுச்சு.

ஓரமா உக்காந்தாலும் உக்காந்ததுதானே? வேற வார்த்தை குடுங்கன்னேன். எலி குடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. பூனைகிட்ட எலியாப் போறதுக்குப் பாயே மேல். குண்டுக்கு உடம்பு பத்தாது, பிள்ளை ஒல்லி. தொப்பி அருமையான வார்த்தை தம்பி, தலைக்கு மேல இருக்குறது, எந்தப் பூனையும் ஏற முடியாது. ஆனா அத ஏற்கெனவே ஒரு டாக்டர் மகளுக்குக் குடுத்துட்டாங்களாம். பக்கத்து வகுப்புல எட்டிப் பாத்தேன். பி செக்‌ஷன். அங்க இங்னு முடியுற குடும்பம். கிங்னா ராசா, விங்னா றெக்கை, ரிங்னா மோதிரம். பாத்தீங்களா வித்தியாசத்தை? அங்க ராசாவும் மோதிரமும், இங்க எலியும் பாயும். பிள்ளைய பி செக்‌ஷனுக்கு மாத்துங்கன்னு கேட்டேன். வருசக் கடைசியில முடியாதுன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து போன்கிட்டயே கேட்டேன், ஏட்னு முடியுற வார்த்தை இன்னும் என்னென்ன இருக்குன்னு. இப்பத்தான் வாயில கேட்டாலே சொல்லுதே. நேட்னா கடிக்கிற சின்னப் பூச்சி. வேட்னா பெரிய தொட்டி. பிரேட்னா அடங்காத, சொன்ன பேச்சுக் கேக்காத முரட்டுப் பிள்ளை. "அத நீங்களே வச்சுக்கங்க"ன்னு தெய்வானை அடுப்படியிலருந்து சொன்னா. ஏன் அப்படிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பூச்சி எனக்குப் பிடிச்சிருந்துச்சு, பூனையக் கடிக்கலாம். மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "சார், மிருது பாயாவே நல்லாப் பண்றா சார், விட்டுருங்க சார்"னு கெஞ்சுச்சு அந்தப் பொண்ணு.

சரி. பாய்தான்னு ஆகிப்போச்சு. பாயின்னா எப்படிப்பட்ட பாயின்னு காட்டிருவோம்னு முடிவு பண்ணுனேன்.

பத்தமடைக்குப் போனேன் தம்பி. பட்டுப்பாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரு போட்டு நெய்வாங்கள்ல, அந்தப் பாய். அங்க ஒரு அம்மா, "முகூர்த்தம் என்னைக்குங்க?"ன்னு கேட்டுச்சு. முகூர்த்தம் இல்ல, எல்.கே.ஜி.ன்னேன். பச்சை, சிவப்பு, நடுவுல மயிலு. மேல 'மிருதுளா, எல்.கே.ஜி. ஏ பிரிவு'. கீழ 'அன்பளிப்பு: தாய்மாமன் தவசி, திருமங்கலம்'. கடை நம்பரும் போடச் சொன்னேன். இடம் சும்மாதானே கிடக்கு.

வெறும் பாய மட்டும் எப்படிக் கொண்டு போறது? சீரு வேணும். அதுலயும் ஒரு முறை வேணும்ல. ஏட் குடும்பத்துல எத்தனை வார்த்தை இருக்கோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தாம்பாளம். தொப்பிக்குத் தொப்பி. பேட்னா கிரிக்கெட் மட்டையும்தானாம், அதனால மட்டை. எலியத் தட்டுல வைக்க முடியாது, எலிப்பொறி வச்சேன். உக்காந்தாச்சுக்கு ஒரு முக்காலி. ஃபேட்னா கொழுப்புன்னும் அர்த்தம் இருக்காம், அதுக்கு ஒரு டின்னு நெய்யி. அதத் தெய்வானைதான் தூக்கிட்டு வந்தா. "உங்க கொழுப்புக்கு இந்த ஒரு டின்னு பத்தாது"ன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. பூனைக்கு மட்டும் தட்டு வைக்கல. அது அவங்க பாடு.

ஆண்டு விழா அன்னைக்கு, முன்னாடி மேளம், பின்னாடி எங்க தெருப் பொம்பளைங்க தாம்பாளத்தோட, நடுவுல ரெண்டு ஆளு பாயத் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. ஸ்கூல் கேட்டுல வாட்ச்மேன், "இங்க கல்யாண மண்டபம் இல்லீங்க, அது அடுத்த தெரு"ன்னாரு. தங்கச்சி வாசல்ல நின்னுச்சு. என்னையப் பாத்ததும் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிருச்சு. ஆனந்தக் கண்ணீரு. நாலு பேரு முன்னாடி காட்டக் கூடாதுன்னு நெனச்சிருக்கும். தங்கச்சி மாப்பிள்ளை வந்து, "மச்சான், அந்த எலிப்பொறி எதுக்கு மச்சான்?"னு மெதுவாக் கேட்டாரு. "ரேட்"னேன்.

காசிமாயனையும் பாத்தேன். மருமகனுக்கு மதுரையிலருந்து பூனை உடுப்பு வாடகைக்கு எடுத்திருந்தான். அதுக்கு மேல கழுத்துல தங்கச் சங்கிலி. பூனைக்குச் சங்கிலி போட்ட ஆளு எலிப்பொறியப் பாத்துச் சிரிக்கிறான்.

நான் மிருதுவத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "தாயி, பூனை உக்கார வரும்போது டக்குனு உருண்டுரு. தரையில உக்காரட்டும்"னு சொல்லி வச்சேன். "சரி மாமா"ன்னுச்சு. கெட்டிக்காரப் பிள்ளை.

விழா ஆரம்பிச்சுச்சு. மைக் செட்டு வேற யாரோட செட்டோ, கீச்சுகீச்சுன்னு கத்துது. அத விடுங்க. ஒவ்வொரு பிள்ளையா வந்து, நான் இன்ன வார்த்தை, என் அர்த்தம் இன்னதுன்னு சொல்லிட்டுப் போகுது. மிருது வந்துச்சு பாருங்க, பட்டுப்பாயச் சுத்திக்கிட்டு. லைட்டு வெளிச்சத்துல மயிலு மினுமினுங்குது. எனக்கு அடுத்து உக்காந்திருந்தவரு கடை நம்பரக் கூட வாசிச்சாரு. "ஐ ஆம் மேட்"னு கணீர்னு சொல்லிட்டுப் பாய விரிச்சு உக்காந்துச்சு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி.

அப்புறம் பூனை வந்துச்சு. வந்த பூனை கூட்டத்தப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. உதடு பிதுங்குது. "அம்மா"ன்னு ஒரே அழுகை. மிஸ் ஓரத்துலருந்து கூப்பிடுது, அவன் நகரல. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்ப மிருது மைக்கைப் பிடிச்சுச்சு.

"டேய் கிஷோர், அழாதடா. வா, வந்து உக்காரு. பாய் வழவழன்னு இருக்கு. எங்க மாமா வாங்கிக் குடுத்தது."

சனம் கையத் தட்டுது. சொன்னத மறந்துருச்சேன்னு, "உருளு தாயி, உருளு"ன்னு கீழருந்து சத்தம் குடுத்தேன். தொழில்ல கத்திக் கத்திப் பழகுன தொண்டை, எனக்கு மைக் வேணாம். மிருது மைக்குலயே சொல்லுச்சு: "மாமா, சும்மா இரு."

கூட்டமே சிரிக்குது. சரி, பிள்ளைக்குச் சரியாக் காதுல விழல போல, பக்கத்துல போயிச் சொல்லிருவோம்னு மேடையில ஏறுனேன். சண்டைக்கு இல்ல. அந்தப் பக்கத்துலருந்து காசிமாயனும் பயலத் தூக்க ஏறுறான். நான் சண்டைக்கு வர்றேன்னு நெனச்சுக்கிட்டு எம் நெஞ்சுல கைய வச்சான். நானும் வச்சேன். கீழ பூனையோட வாலு கிடந்திருக்கு, யாரு பாத்தா? எங்காலு அதுல மாட்டி, மிருது விலகவும், நான் மல்லாக்கப் பட்டுப்பாய்ல விழுந்தேன். என் துண்டு காசிமாயன் கையில. அந்த இழுப்புல அவனும் வந்து எம் வயித்து மேல உக்காந்துட்டான்.

அந்தப் பய அழுகைய நிறுத்திட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து அவன் மாமன் மடியில ஏறி உக்காந்தான். பழகுன பழக்கம், வரிசையா நின்ன அத்தனை பிள்ளைகளும் ஒரே குரல்ல பாடிருச்சுங்க: "கேட் சேட் ஆன் த மேட்." நான் அடியில கிடக்கேன்.

மேடைக்குப் பின்னாடி வந்து முதுகத் தடவிக்கிட்டு நிக்கிறேன். மானம் போச்சு. இந்தத் தடவ தங்கச்சி மொத்தமா அத்து விட்டுரும்னு நெனச்சேன். அத நெனச்சாத்தான் எனக்கு வலி, முதுகு வலி ஒண்ணும் பெருசில்ல. பஞ்சவர்ணம் வந்துச்சு. வந்து சுவத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது, சிரிப்பு நிக்க மாட்டேங்குது. அது சிரிச்சு நான் கேட்டு ரெண்டு வருசம் ஆச்சு தம்பி.

சிரிச்சு முடிச்சுட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே சொல்லுச்சு. "அண்ணே, மிஸ் மொதல்ல மிருதுக்குத் தொப்பிதான் குடுத்தாங்க. நான்தான் வேணாம், பாய் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? தலையில இருக்குறத விட்டுட்டுத் தரையில கிடக்குறத வாங்கிருக்க?"

"தொப்பின்னா நீ வெள்ளிக் கிரீடம் வரைக்கும் போயிருவண்ணே. பாய்னா வீட்டுல ஒண்ணு கிடக்கும். அதக் கக்கத்துல இடுக்கிட்டு நீ சும்மா வந்து நிப்பன்னு நெனச்சேன். உன் சீர யாரும் பக்கத்துல வச்சு அளக்க வேணாம். எனக்கு நீ வந்தாப் போதும்ணே."

அது தலையில கைய வச்சேன். வச்ச கைய எடுக்கவே தோணல. மறுநாளே பிள்ளையக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துருச்சு. லீவு முடியுற வரைக்கும் இருந்துச்சு. மத்தியானம் மூணு பேரும், அதான் தங்கச்சி, தெய்வானை, மிருது, அந்தப் பட்டுப்பாய்லதான் படுத்துக் கதை பேசுவாங்க. எனக்கு ஓரத்துல கொஞ்சம் இடம் குடுத்தாங்க.

இது திருப்புவனம் தாண்டிருச்சா? அப்ப நான் எந்திரிக்கணும் கொஞ்ச நேரத்துல. மானாமதுரையில இறங்குறேன். ஏன்னா இந்த வருசம் யூ.கே.ஜி. இந்தத் தடவ ஆட்னு முடியுற குடும்பம். மிருதுக்குப் பாட். பாட்னா பானை. "சோறு வடிக்கிற மண்பானை ஒண்ணு எடுத்துட்டு வா, போதும்ணே, போன வருசம் மாதிரி வேணாம்"னு தங்கச்சி கண்டிசனாச் சொல்லிருச்சு. சரி தாயின்னுட்டேன். நான் மாறிட்டேன் தம்பி. மண்பானைதான், வேற ஒண்ணும் இல்ல. நம்ம தெருவுல விக்கிறது ஒழுகுது, அதனால மானாமதுரை. கழுத்தச் சுத்திப் பேரு மட்டும் பொறிச்சுத் தர்றாங்களான்னு கேக்கணும். மேளம் வேணாம்னுட்டேன். நாதஸ்வரம் மட்டும்.

கிஷோர் பயலுக்கா? அவனுக்கு ஹாட். ஹாட்னா சூடு. சிவப்பும் மஞ்சளுமா நெருப்பு வேஷம். பானைக்குச் சூடு எந்தப் பக்கம் இருக்கும், நீங்களே சொல்லுங்க. கீழதானே? நான் ஒண்ணும் கேட்டு வாங்கல தம்பி. வம்புக்குப் போறவனா நான்? மிஸ்ஸைப் பாத்து ஒரு வார்த்தை பேசுனேன், அவ்வளவுதான்.